டோலி இரண்டு, வாக்கு மூன்று

மாலைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் மிளகுத் தோட்ட முதலாளி அர்த்தனாரி அவர்களே! ஆலத்தூர் நாட்டிலிருந்து நடந்தே வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே! மலைக்கு மாண்பும் மனைக்கு மாட்சியுமான தாய்மார்களே! தோள் தேயத் தேய டோலி தூக்கும் என் தோழர்களே! இரண்டு டோலியும் எட்டு ஆளும் வைத்துத் தொழில் நடத்தும் சென்றாயனின் பணிவான வணக்கம்.

தொழில் நிர்வாகத்தில் வெற்றி பெறும் வழியைப் பேசு என்றார்கள். வெற்றியா? எனக்கா? நான் தோற்ற கதைதான் ஐயா என்னிடம் இருக்கிறது! சிரிக்காதீர்கள் தம்பிகளே, நிஜமாகத்தான் சொல்கிறேன். நாளை தம் விருந்தாளிகளுக்கு இரண்டு டோலியும் வேண்டுமென்று சற்று முன் தலைவர் என் காதில் சொன்னார். இந்த மேடையை விட்டு இறங்குவதற்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். என் தொழிலில் பாதி அவர் தோட்டத்து வேலை.

சென்ற சித்திரையில் டோலி இரண்டு. நானோ ஒரே நாளைக்கு மூன்று பேருக்கு 'ஆகட்டுங்க' என்றேன். ஏன்? கேட்டவர் முகம் வாடக் கூடாதாம்! கல்யாண வீட்டுக்கு ஒன்று, சர்வே அதிகாரிக்கு ஒன்று. மூன்றாவதாக வளப்பூர் நாட்டுக் கருப்பண்ணன் வந்தார். "ஏனுங்க, எம்பொண்டாட்டி பாப்பாயிக்கு மாசம் நெறஞ்சிருச்சு. வியாழக்கெழமை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோணுங்க" என்றார். "ஆகட்டுங்க, வாரேன்" என்றேன்.

காலையில் காத்திருந்தாள் பாப்பாயி. உச்சிவெயிலில் காத்திருந்தாள். வலி பொறுக்காமல் நடந்தே இறங்கினாள். பாதி வழியில், பாறையோரத்தில் பிரசவம். தாய் பிழைத்தாள்.

என்னம்மா கேட்கிறீர்கள்? பிள்ளையா? இல்லையம்மா, பிழைக்கவில்லை.

அதோ, பலாமரத்தடியில் நிற்கிறாரே, அவர்தான் கருப்பண்ணன். என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. "முடியாதுன்னு முந்தியே சொல்லியிருந்தா, கட்டில்ல வெச்சு நாங்களே தூக்கியிருப்போமுங்களே" என்றார். அன்றிலிருந்து யார் என்னைத் தேடி வந்தாலும் முதலில் டோலியை எண்ணிப் பார்க்கிறேன்.

ஆளை மிரட்டுவதா நிர்வாகம்? அதிகாரியிடம் குழைவதா நிர்வாகம்? கேட்டவருக்கெல்லாம் தலையாட்டுவதா நிர்வாகம்? இல்லை, இல்லவே இல்லை! எத்தனை டோலி உண்டோ அத்தனை வாக்குத்தான் உண்டு! அதற்கு மேல் ஒன்று கொடுத்தாலும் அது வாக்கல்ல, வஞ்சகம்!

தலைவர் அவர்களே! திண்ணனூர் நாட்டுச் சின்னக்கண்ணு காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கிறார். நாளைக்கு ஒரு டோலி அவருக்கென்று நேற்றே சொல்லிவிட்டேன். எட்டுக் குடும்பத்து அடுப்பை நினைத்தால், தோட்டத்து வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு ஒன்றுதானுங்க வரும். இன்னொன்று இல்லீங்க.

கை தட்டாதீர்கள் தோழர்களே, தலைவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும், கோபித்தாலும் கோபிக்காவிட்டாலும் தலைவர் அவர்களுக்கும் என் நன்றி. வணக்கமுங்க.