கிட்டலுக்கு விட்ட மூலை

வண்ணங்களின் வள்ளலே! வம்பும் வாஞ்சையும் ஒரே வாயால் வழங்கும் வாத்தியாரே! நியூயார்க் கிழக்கு பிராட்வே மாலை ஓவியப் பள்ளியில் முப்பத்தோராண்டு பாடம் சொல்லி இன்று ஓய்வு பெறும் எங்கள் ஃபைவல் ருத்னிட்ஸ்கி ஐயா அவர்களே!

பகலெல்லாம் தையல் இயந்திரத்தில் குனிந்த முதுகுகளை மாலையில் தூரிகை கொடுத்து நிமிர்த்தியவர் தாங்கள். போருக்கு முன் மீன்காரியையும் மூட்டைக்காரரையும் முகம் முகமாக வரைந்தீர்கள். போர் முடிந்து, கடலுக்கு அப்பால் தாங்கள் பிறந்த ஊரில் நம் யூதர்களில், தங்கள் தங்கை கிட்டல் உட்பட, ஒருவரும் மிஞ்சவில்லை என்று கடிதம் வந்தது. அதன்பின் மூன்றாண்டு தூரிகையைத் தொடவேயில்லை. பிறகொரு நாள் முகமே இல்லாத நீலப் படமொன்றைத் தூக்கி வந்தீர்கள். "இந்த நேரத்துல ஒரு அடுப்படிக்கே வண்ணம் அடிச்சிருக்கலாமே" என்றார் நிர்வாகக் குழுவில் ஒருவர். "அடுப்படிக்கு ஆள் வேணும்னா சொல்லியனுப்புங்க" என்றீர்கள்.

அந்தப் படத்தின் இடது கீழ்மூலையில் ஒரு முழம் பூசாமல் கிடந்தது. அதை மாட்டிய பள்ளிக் கண்காட்சியன்று காலை, இம்மடலை இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் நம் பள்ளிச் சுவர்ப்பூச்சாளர் ஸெலிக், பாவம் மனிதர் மறந்துவிட்டார் என்று எண்ணி, அதே நீலத்தைக் குழைத்து அழகாக நிரப்பி வைத்தார். பழங்காலத்தில் நம் யூதக் கோயில் எரிந்ததை மறவாதிருக்க, வழக்கப்படி நம்மவர் வீட்டில் வாசலுக்கு எதிரே ஒரு முழம் சுவரைப் பூசாமல் விடுபவரும் இதே ஸெலிக்தான்.

தாங்கள் வந்து பார்த்தீர்கள். படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவீர்கள், இனித் தூரிகையைத் தொடவே மாட்டீர்கள் என்று நாங்கள் நடுங்கினோம்.

"அது கிட்டலுக்கு விட்ட இடம், ஸெலிக்."

"முப்பது வருசமா சுவத்துல விடுறவன் நான். படத்துலயும் விடுவாங்கன்னு தோணலையே ஐயா" என்று ஸெலிக் அழுதார்.

தாங்கள் திட்டவில்லை. ஆளுக்கொரு சுரண்டுகத்தி எடுத்து, இருவருமாக மதியம்வரை சுரண்டினீர்கள். லேசாக ஒரு நீலம் மட்டும் போகவேயில்லை. "விடுப்பா. அவளுக்கு நீலம் பிடிக்கும்" என்றீர்கள்.

அதன்பின் வரைந்த படம் ஒவ்வொன்றிலும் அந்த மூலை உண்டு. இதழ்காரர்கள் அதற்குப் பெரிய தத்துவம் எழுதினார்கள். தாங்கள் படித்துவிட்டு, அந்தத் தாளிலேயே ஹெர்ரிங் மீனைச் சுற்றி எடுத்துப் போனீர்கள்.

கை நடுங்காமல், கண் மங்காமல், பல்லும் சொல்லும் கூர் குறையாமல் நூற்றிருபது வயதுவரை வாழுங்கள் ஐயா. வரைந்துகொண்டே வாழுங்கள்.

இம்மடலில் ஆசிரியர், பணியாளர் முப்பத்திரண்டு பேரும் நெருக்கியடித்து வலப்பக்கமாகக் கையெழுத்திட்டிருக்கிறோம். மடலுக்கு மரச்சட்டம் போட அளவெடுக்க வந்தவர், "இடது மூலை காலியா இருக்கே, விட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"தொடாதீங்க, அங்க கையெழுத்துப் போடவேண்டியவ வரலை" என்றார் ஸெலிக்.

அன்புடன்,
கிழக்கு பிராட்வே மாலை ஓவியப் பள்ளியார்
ஜூன் 1963