கேபிளில் குறை இல்லை

வீட்டு நெட்டின் வேகத்தை அளக்க நிறைய பேருக்குத் தெரியாது, சார். போனை எடுப்பார்கள், ஸ்பீட் டெஸ்ட் ஆப்பைத் தட்டுவார்கள், முள் ஏறுவதைப் பார்ப்பார்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவார்கள். அது தெருவிலிருந்து வீட்டுக்கு வருகிற வேகம். வீட்டுக்குள்ளே ஓடுகிற வேகம் வேறு. தண்ணீர் லாரி தெருமுனைக்கு வந்துவிட்டது என்பதற்காக மாடிக் குழாயில் தண்ணீர் கொட்டிவிடாது இல்லையா, அந்த மாதிரி.

உள்ளே ஓடுவதை அளக்க ஒரு நாஸ் வேண்டும். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட ஒரு பெட்டி. வீட்டு நெட்டிலேயே உட்கார்ந்திருக்கும். போட்டோ, வீடியோ, கேமரா பதிவு எல்லாம் அதில் போய்ச் சேரும். லேப்டாப்பிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்துகொண்டே, விநாடிக்கு எத்தனை மெகாபைட் போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை செய்தால் யாரும் நம்ப மாட்டார்கள், மூன்று தடவை செய்ய வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் வேறு எதுவும் நெட்டைத் தொடக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நான் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

செம்பாக்கத்து வீட்டை நீங்களே விசாரணைக்கு வந்து பார்த்துவிட்டீர்கள். மாடியில் நாங்கள் வாடகைக்கு. கீழே வீட்டுக்காரர் வேதசிரோமணி சார், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். அவர் மகள் கெசியா அக்கா சிறுசேரியில் வேலை செய்கிறார். அக்காவின் கணவர் மெர்வின் அண்ணா. சாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நல்லா இருந்தபோது மாடிப்படியில் என்னைப் பார்த்தால், "என்னப்பா, இன்னைக்கு எத்தனை ஒயர்?" என்று கேட்பார். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒத்துக்கொள்ளாதது நாற்றம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எங்கப்பா திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் இருக்கிறார். அவர் வேலை முடிந்து வந்து பிடித்த டம்ளரில் நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். அடுத்தவன் கீபோர்டைத் தொட்டால் விரலில் ஒட்டுகிறதே ஒரு பிசுக்கு, அதைச் சோப்புப் போட்டுக் கழுவும் வரை வேறு எதையும் தொட மாட்டேன். கம்பியும் பெட்டியும் எனக்குப் பிடித்ததே அவை சுத்தமாக இருப்பதால்தான். ஒயருக்கு வியர்க்காது, எச்சில் வழியாது.

சாரின் அறையில் கேமரா வைக்க வேண்டும், ஆபீஸிலிருந்து அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டார்கள். நாஸ், கேமரா எல்லாம் நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். கரன்ட் சட்டென்று போனால் டிஸ்க் கெட்டுவிடும், இன்வெர்ட்டர் பாயின்ட் சாரின் அறையில் மட்டும்தான் இருந்தது. அதனால் பெட்டி அவர் கட்டிலுக்குப் பின்னால் ஒரு பலகைமேல். ஹாலில் இருக்கும் ரவுட்டரிலிருந்து அங்கே வரைக்கும் கேபிள் இழுத்தேன். கேபிளுக்குள் எட்டு ஒயர் இருக்கும். வரிசையாக அடுக்கி, முனையில் கனெக்டரைக் கவ்வவைக்க வேண்டும். ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் வேகம் பத்தில் ஒன்றாகிவிடும்.

அந்த முனையைக் கட்டிலுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து போட்டேன். சாரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கங்கம்மா அப்போதுதான் துணி மாற்றிக்கொண்டிருந்தார். தரையில் சளிக் கிண்ணம். எனக்கு என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இன்னா தம்பி, மூக்கப் பொத்திகினு குந்திக்கினு கீற? அய்யா இன்னா கூவமா?"

"இல்லக்கா. ஒயர் மாட்டணும்."

"மாட்டு. யார் வாணான்னா? மூச்சு வுட்டுக்கினே மாட்டு. செத்துடமாட்ட."

சார் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது, மறுபாதியிலிருந்து எச்சில் தலையணையில் இறங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டே கனெக்டரை அழுத்திவிட்டு வெளியே ஓடி வந்தேன். நிதானமாகப் போட்டிருந்தால் சரியாகப் போட்டிருப்பேன்.

எங்களுக்கு ஒரு குரூப் இருக்கிறது சார், தாம்பரம் பக்கத்து நெட்வொர்க் பைத்தியங்கள் குரூப். அதில் நான் போட்ட கேபிளைப் பற்றிப் பெருமையாக எழுதினேன், ஸ்பீட் டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்டோடு. குரோம்பேட்டை ஆல்வின் உடனே வந்தான். "மச்சான், இது வெளி ஸ்பீடு. இதைப் போட்டு யாரை ஏமாத்துற? நாஸுக்குக் காப்பி பண்ணி, மூணு ரன், கட் பண்ணாத வீடியோ போடு. இல்லேன்னா கேபிள் போடத் தெரியாதுன்னு ஒத்துக்கோ." முப்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். என்ன சொன்னாலும் சரி, கேபிள் போடத் தெரியாது என்று சொல்லக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கெசியா அக்கா என்னைக் கூப்பிட்டார்கள். சர்ச்சுக்குக் கிளம்பி நின்றார்கள். கங்கம்மாவுக்கு அன்றைக்கு லீவு.

"கிறிஸ்துமஸுக்கு அப்புறம் நாங்க சேர்ந்து போறது இன்னைக்குத்தான் பிரணவ். ஆராதனை முடிஞ்சதும் ஓடி வந்துடுவோம். அப்பா கூட கொஞ்சம் இருக்கியா?"

"இருக்கேன்கா."

"ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிருக்கேன். மல்லாக்க மட்டும் விட்டுடாதே. அவருக்கு முழுங்க வராது. வாந்தி வந்தா நேரா மூச்சுக்குழாய்க்குப் போயிடும். பெல் அடிச்சார்னா உடனே போய்ப் பாரு, சரியா?"

"அவன் நம்ம நெட்வொர்க் ஆபீசர்," என்றார் மெர்வின் அண்ணா, ஷூ மாட்டிக்கொண்டே. "பெல் என்ன, கொட்டாவி விட்டாலே பிடிச்சிடுவான்."

நான் சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள், இரண்டு பேருடைய போனும் வெளியே போகிறது, லேப்டாப்பும் டிவியும் அணைந்திருக்கிறது. அந்த மாதிரி காலியான நெட் அந்த வீட்டில் கிடைக்கவே கிடைக்காது.

மிச்சம் இருந்தது கேமரா ஒன்றுதான். அது சாரைப் படம் எடுத்து நொடிக்கு நொடி நாஸுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். என் அளவு அதனால் கெடும். அதனால் கேமராவை நிறுத்தினேன். என் பெயரில் லாகின் செய்துதான் நிறுத்தினேன். அந்தப் பதிவைத்தான் அக்கா கண்டுபிடித்து உங்களிடம் கொடுத்தார்கள். மறைக்கிற எண்ணம் இருந்தால் என் பெயரிலா போவேன்?

அடுத்தது பிளக். ஹாலில் இருக்கும் பலகையில் மூன்று சாக்கெட். ஒன்று பழுது, ஒன்றில் ரவுட்டர், ஒன்றில் பெல். சார் கட்டிலில் பட்டனை அழுத்தினால் இங்கே ஹாலில் அடிக்கும். என் லேப்டாப் பேட்டரியில் ஓடினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பெல்லைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைச் சொருகினேன். நான் பத்தடி தூரத்தில்தானே இருக்கிறேன், பெல் எதற்கு என்று நினைத்தேன்.

காப்பி போட்டேன். பதினொன்று காட்டியது. நூற்றுப் பத்து வர வேண்டிய இடத்தில் பதினொன்று. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, கட்டிலுக்குப் பின்னால் நான் போட்ட முனைதான்.

அறைக்குள் போனேன். முகத்தில் இரண்டு மாஸ்க். சார் விழித்துக்கொண்டிருந்தார். பெட்டிப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார், அதாவது நான் குனிந்தால் அவர் மூச்சு நேராக என் முகத்தில். "தண்..." என்றார். "இதோ சார், அஞ்சே நிமிஷம்," என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். முதுகுக்கு அணை கொடுத்திருந்த தலையணையை எடுத்தேன். அவராகவே மல்லாந்து விழுந்தார். நான் தள்ளவில்லை. மூச்சு வேறு பக்கம் போனது. அதற்கப்புறம் நிதானமாக எட்டு ஒயரையும் அடுக்கி, புதுக் கனெக்டர் போட்டேன். நான் போட்டதிலேயே அதுதான் மிகச் சரியானது.

தலையணையைத் திரும்ப வைக்கவில்லை. அதில் அவர் முதுகு வியர்வை ஊறியிருந்தது. நாற்றம் ஹாலுக்கு வராமல் கதவைச் சாத்தினேன்.

முதல் ரன் நூற்றுப் பத்தைத் தொட்டது. சந்தோஷத்தில் தொடையைத் தட்டிக்கொண்டேன் சார். ஃபைல் என்ன தெரியுமா? பெரியதாக வேண்டும் என்று சாருடைய கேமரா பதிவுகளையே ஒன்றாக ஒட்டி வைத்திருந்தேன். பல வாரம் அவர் படுத்துக்கொண்டிருப்பது. அவ்வளவும் சில நிமிடத்தில் போய்விட்டது.

இடையில் அக்கா போன் செய்தார்கள். பின்னணியில் பாட்டுச் சத்தம், கிசுகிசுப்பாகப் பேசினார்கள்.

"பிரணவ், கேமரா ஆஃப்லைன்னு காட்டுதே. அப்பா எப்படி இருக்கார்?"

"அப்டேட் ஓடுதுக்கா. சார் தூங்குறார்."

"ஒருக்களிச்சுத்தானே படுத்திருக்கார்?"

"ஆமாக்கா. நீங்க நிம்மதியா இருங்க."

இரண்டாவது ரன் ஓடும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. காதில் ஹெட்போன் இருந்தது, எதுவும் கேட்கவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். ஹெட்போன் கழுத்தில் இருந்தது. பாத்ரூம் ஓட்டையில் தண்ணீர் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம், விட்டு விட்டு. பிறகு வாசனை வந்தது. சாத்தின கதவையும் மீறி வந்தது. காலையில் அக்கா ஊட்டின கஞ்சி, புளித்துப்போய். கால் துடைக்கும் மிதியடியை எடுத்துக் கதவின் அடி இடுக்கில் அடைத்தேன். வேறு யாராக இருந்தாலும் ஏதாவது வைத்து அடைக்கத்தான் பார்த்திருப்பார்கள்.

நடுவில் எழுந்து போயிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். திரை முழுக்கப் பதிவாகிக்கொண்டிருந்தது சார். கட் பண்ணாத வீடியோ என்றுதான் பேச்சு.

இரண்டாவது ரன் முடிந்ததும் கதவைத் திறந்தேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் போய்ப் பார்க்கவே இல்லை என்றுதான் அக்காவும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி நினைப்பது அவர்களுக்கு நல்லது என்று விட்டுவிட்டேன்.

சார் உயிரோடுதான் இருந்தார். வாயிலிருந்து கழுத்து வரைக்கும், காதுக்குள்ளேயும் வழிந்து கிடந்தது. முகம் வேறு நிறமாகியிருந்தது. கண் என்மேல்தான். இடது கையில் பட்டனைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தார், கட்டைவிரல் வெளுத்துப்போகிற அளவுக்கு. தோளில் கை வைத்து ஒரு பக்கமாகத் திருப்பினால் போதும். டாக்டரும் அதையேதான் உங்களிடம் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் அப்போதே தெரியும். ஆனால் தோள் முழுக்க அது இருந்தது. கங்கம்மா போடுகிற கையுறை அலமாரிமேல் இருந்தது, அதையும் பார்த்தேன். கையுறை போட்டால் மட்டும் நாற்றம் போய்விடுமா?

"இருங்க சார், இன்னும் ஒரே ஒரு தடவைதான்," என்றேன்.

கதவைச் சாத்தினேன், மிதியடியை வைத்தேன். ஆல்வினிடம் நீங்கள் விசாரித்திருப்பீர்கள், வீடியோவைப் பார்த்துவிட்டு அவனே கை தட்டுகிற பொம்மை போட்டான். மெர்வின் அண்ணா வண்டியை வாசலில் நிறுத்துவதற்குள் கேமராவை ஓடவிட்டு, பெல்லையும் சொருகிவைத்துவிட்டேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது என் பழக்கம்.

முதல் இரண்டு ரன்னிலும் வேகம் காட்டும் வரைபடத்தில் அங்கங்கே சின்னச் சின்ன இறக்கம் இருந்தது. மூன்றாவது வந்தது பாருங்கள் சார், அதுதான் அளவு. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரே நேர்கோடு, வீட்டில் வேறு யாருமே இல்லாத மாதிரி.