அணைத்தால் வாள்

தி. நகர் மால் வாசலில் பை சோதிக்கும் வரிசை. எனக்கு முன்னால் ராஜா வேடத்தில் ஒருவர், கூடவே அவர் நண்பர்.

"வாள்லாம் உள்ள எடுத்துனு போவக் கூடாது சார்," என்றார் காவலாளி.

"பிளாஸ்டிக்குங்க. மேல மாறுவேடப் போட்டி. வாளுக்கு உள்ளாற எல்இடி எரியும்."

"எரிய வுடுங்க, பாப்போம்."

ராஜா சிவப்பு விளக்கைப் போட்டார்.

"ரத்தம் மாதிரி கீது. வேற கலர்?"

நீல விளக்கைப் போட்டதும், நீல ஒளி பட்டால் பச்சையாய் ஒளிரும் ஃப்ளோரசன்ட் பிளாஸ்டிக் என்பதால், வாளின் தகடு பச்சையாய் ஜொலித்தது.

"சிவப்புதான் மச்சி கெத்து," என்றார் நண்பர்.

"சும்மா இருடா, பச்சைன்னாதான் வுடுவாரு."

காவலாளி யோசித்து, நோட்டில் ஏதோ எழுதினார்.

"லைட்டுன்னு எழுதிட்டேன், போங்க. ஆனா உள்ள இருக்கிற வரைக்கும் எரிஞ்சுக்கினே இருக்கணும். அணைச்சீங்கன்னா வாளாயிடும்."