மடி ஜலம்

— மெதுவாம்மா நீரஜா, மெதுவா. இரும்பை இப்படி மடேர் மடேர்னு அடிச்சா கெணறு இடிஞ்சு விழாதோ?

— விழாது சார். அதாவது, இது போர் போடற மாதிரி இல்லை, தோண்டறதே கிடையாது. மெஷின் குழாயை அப்படியே அழுத்தி இறக்கும். மண்ணு குழாய்க்குள்ளயே வந்துடும். அதே துவாரத்துல தண்ணி, மண்ணுக்குள்ள இருக்கற ஆவி ரெண்டையும் டெஸ்டுக்கு எடுத்துக்கலாம்.

— எதை வேணா எடுத்துக்கோ. ஆனா ராஜா அண்ணாமலைபுரம் பூரா கெட்டுப் போனாலும் இந்த சுந்தரராமன் ஆத்துக் கெணறு கெடாது.

— தெருவுல எல்லாரும் கெணத்துத் தண்ணில நாத்தம்னு எங்க ஆபீஸ்ல புகார் குடுத்திருக்காங்க சார். பெட்ரோல் பங்க் உங்க பின்சுவருக்கு அந்தப் பக்கம்தானே? அதான் முதல்ல இங்க வந்தோம்.

— ஏன்னா, அந்தப் பொண்ணு வேலையைப் பாக்கட்டும். நீங்க உள்ளே வாங்கோ.

— நீ சும்மா இரு விசாலம். இந்தாம்மா, நான் கார்ப்பரேஷன் ஜலத்தை வாயிலே விட்டவனில்லை. தெருப் பம்புக்குள்ளே தோல் வாஷர். மாட்டுத் தோல். அதுலே பட்டு வர ஜலம் எங்க ஆத்துல வாசல் தெளிக்கக்கூட ஆகாது. இவ விடியக்காலம்பற குளிச்சு, மடி கட்டிண்டு, எனக்குன்னு ஒரு செப்புக் குடத்திலே இறைச்சு வைப்பா.

— இப்பல்லாம் ரப்பர் வாஷர் சார்.

— நீ கழட்டிப் பாத்தியோ?

— ஒரு நிமிஷம் சார், குழாய் மேல வந்துடுச்சு. இந்த மண்ணைப் பாருங்க. மேல சிவப்பு, நடுவுல மணல். இங்கேர்ந்து கீழ கருப்பா மினுக்குது பாருங்க. மோந்து பாருங்க.

— ஒண்ணும் தெரியலையே.

— அவருக்குத் தெரியாதும்மா. மூக்குப்பொடி போட்டுப் போட்டு மரத்துப் போச்சு. மல்லிப்பூவும் ஒண்ணு, சாக்கடையும் ஒண்ணு.

— சேறுன்னா கருப்பாத்தான் இருக்கும், இது ஒரு அதிசயமா?

— சேறு இல்லை சார், பெட்ரோல். இது அதே துவாரத்துல எடுத்த தண்ணி. ரசத்துல எண்ணெய் மாதிரி மேல மிதக்குது பாருங்க. ஆவி மீட்டர்ல முள்ளு கடைசிக்கே போயிடுச்சு. லேப் ரிசல்ட் வரணும்தான், ஆனா எனக்குச் சந்தேகமே இல்லை. பங்க் டேங்க் பூமிக்குள்ள ஒழுகுது. இந்தக் கெணத்துத் தண்ணியை இனிமே யாரும் வாயில வைக்கக் கூடாது.

— எத்தனை நாளா ஒழுகறது?

— மண்ணு இவ்வளவு ஊறியிருக்குன்னா, வருஷக் கணக்குல இருக்கும் சார்.

— வருஷக் கணக்கா... விசாலம், என் கையைப் பிடிச்சுக்கோ.

— இந்தத் துவைக்கற கல்லு மேலே உக்காருங்கோ. மெதுவா.

— குடிச்சவாளுக்கு என்ன ஆகும்? மறைக்காம சொல்லும்மா.

— ரத்தத்தைப் பாதிக்கும் சார். சில பேருக்கு ரத்தப் புற்றுநோய் கூட வரலாம். எல்லாருக்கும் வராது. முதல்ல டாக்டர்கிட்ட போய் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்குங்க.

— போச்சு. மடி மடின்னு நானே என் தொண்டையிலே விஷத்தை விட்டுண்டேன்.

— ஏன்னா, நீங்க குடிக்கலை.

— என்ன உளர்றே? தினம் குடிக்கறேனே.

— அது பம்பு ஜலம். கெணத்துலே நாத்தம் ஆரம்பிச்சப்போ நீங்க வாந்தி எடுத்துப் படுத்தேளே, அன்னிலேர்ந்து மாத்திட்டேன். நீங்க கபாலி கோயிலுக்குப் போனப்புறம் பாத்திரம் தேய்க்கற முனியம்மாதான் தெருப் பம்புலேர்ந்து ஒரு குடம் இடுப்பிலே வச்சுண்டு வருவா. அதைத்தான் செப்புக் குடத்திலே கொட்டி வைப்பேன்.

— முனியம்மாவா? தோல் வாஷர் ஜலமா? அடிப்பாவி, எங்கிட்ட ஏன் சொல்லலை?

— சொல்லியிருந்தா பட்டினி கிடப்பேள். எனக்குப் பயமா இருந்தது.

— சார், மாமி உங்க உயிரைக் காப்பாத்தியிருக்காங்க.

— விசாலம், அழாதே. கோபமெல்லாம் இல்லை. மடியாவது மண்ணாவது, ரெண்டு பேரும் பொழைச்சோமே, அது போறும்.

— பம்புலே ஆத்துக்கு ஒரு குடம்தான் விடறா. உங்களுக்குக் குடிக்க, உங்க காபிக்கு, சாதத்துக்கு, அதுக்கே சரியாப் போயிடும். நான் இன்னிக்குக் காலம்பற வரைக்கும் இந்தக் கெணத்து ஜலத்திலேதான் நாத்தம் தெரியாம இருக்க வெட்டிவேர் போட்டுக் குடிச்சுண்டிருக்கேன்.