மூணு பொட்டியும் ஒரு லாரியும்

...என் மேல கோச்சிக்கினா நான் இன்னா பண்ணுவேன் டிரைவரண்ணா? நானா ஒன் லாரிய புட்ச்சி வெச்சிக்கினு கீறேன்? தோ, மேல போர்டுல செவப்பா எட நம்பரு ஓடுதே, அத்த கேளு! ஒரு தபா ஏறுது, ஒரு தபா எறங்குது. அது ஆடாம நின்னாதான் உள்ள எட சீட்டு பிரிண்ட் ஆவும். சீட்டு இருந்தாதான் ஒன் பழைய இரும்ப மில்லு கேட்டுக்குள்ள உடுவான். நான் வெறும் எடமேட ஆபரேட்டரு. தானியேலுன்னு பேரு. ஓடுற நம்பர புட்ச்சி நிறுத்த நான் இன்னா டிராபிக் போலீஸா?

இன்னா கைய ஆட்ற? கீழயா? ஓ... நீ கீழ எறங்கட்டுமான்னு கேக்கறியா? வாணாம் வாணாம். வெயிலு கொளுத்துது. நீ ஜம்முனு சீட்டுலயே குந்து. நான் இப்டி லாரி நிக்கற இந்த எட பிளேட்டு மேலயே, ஒன் கதவாண்டயே நின்னு பேசறேன். எனுக்கு ஒரு கஷ்டமும் இல்ல.

எல்லாம் அந்த கம்ப்யூட்டரால வந்த பேஜாருண்ணா. மொதல்ல ஒரே பொட்டிதான் இருந்துச்சி. விண்டோஸு. பழசுதான், ரெண்டு தட்டு தட்டுனாதான் ஆன் ஆவும், ஆனா நல்ல பொட்டி. இந்த எடமேட சாப்ட்வேரு அதுல மட்டும்தான் ஓடும். எழுதிக் குட்தவன் துபாய் போய்ட்டான், போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறான். இருந்தாலும் வருசக்கணக்கா ஒரு கொறையும் இல்ல. நான் ஜன்னலாண்ட குந்திக்கினு, வர்ற டிரைவருங்களோட நாலு வார்த்த பேசிக்கினு, சீட்ட கிழிச்சி நீட்டிக்கினு... ராஜா மாரி இருந்தேன்!

அப்பறம் எங்க மொதலாளி... ஆதிநாராயணன்னு. இந்த எடமே அவுரு நெலம்தான், நெல்லு போட்டுக்கினு இருந்தாரு, இப்ப லாரி நிக்குது. அவுரு ஒரு நாளு வந்தாரு. "ரோலிங் மில்லு தூசியெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போவுதுடா"ன்னு சொல்லி ஜன்னலுக்கு கண்ணாடி போட்டு அடச்சிட்டாரு. ஏசி வேற. ஏசி யாருக்குன்ற? எனுக்கா? கம்ப்யூட்டருக்கு! இத்தினி வருசம் தூசி துன்னவன் நானு, ஏசி அதுக்கு. சரி அத்த உடு. உள்ள குந்தினா ஒரு குரலு கேக்காது. மனுசன் பேசாம எப்டிண்ணா இருப்பான்? எனுக்கு நெஞ்ச அடச்சிக்கும். அதான் லாரி வந்தா நானே எறங்கி வந்துடறது. தோ, இப்டி. கண்ணாடி போட்ட அன்னிக்கு புட்ச்சிது பீட. அன்னிலேர்ந்து நம்பரு ஆடுது!

மொதலாளிக்கு மாப்ள ஒருத்தரு, பரத்து. மெட்ராஸுல கம்ப்யூட்டர் கம்பெனி. வந்து பாத்தாரு. "மாமா, விண்டோஸு கத முடிஞ்சிது. லினக்ஸு போடலாம்"னாரு. பென்குயின் படம் போட்டது. போடு, நான் இன்னா வாணாம்னா சொன்னேன்? ஆனா நம்ம சாப்ட்வேரு அதுல ஏறாதாம். அதுக்கு 'ஒயினு'ன்னு ஒண்ணு போடணுமாம். அது இன்னா பண்ணுமாம்னா, நம்ம சாப்ட்வேர ஏமாத்தி, "நீ விண்டோஸு ஊட்லதான்டா கீற"ன்னு நம்ப வெச்சி ஓட்டுமாம். தூத்தேறி, இது ஒரு பொயப்பா! நான் மொதலாளிக்கு போன் போட்டு, "மாப்ள ஆபீஸ்ல ஒயின் போட்டுக்கினு கீறாரு"ன்னு உண்மையத்தான் சொன்னேன். அவுரு நாஷ்டாவ பாதில உட்டுட்டு பைக்குல பறந்து வந்தாரு. மாப்ள அன்னிலேர்ந்து என்னாண்ட மொகம் குட்து பேசறது இல்ல.

அப்பறம் பொண்ணு சும்மா இருக்குமா? பூமிகா அக்கா. அது மேக்குக்காரி! கடிச்ச ஆப்பிளு போட்ட பொட்டிய தூக்கிக்கினு வந்துடுச்சி. புருசன் லினக்ஸு, பொண்டாட்டி மேக்கு. கல்யாணத்தப்ப ஜாதகம் பாத்தாங்களே, இத்த ஒருத்தனாவது பாத்தானா? அந்த ஆப்பிளுலயும் நம்ம சாப்ட்வேரு நேரா ஓடாது. மேக்குக்குள்ள ஒரு விண்டோஸ குடி வெக்கணும். அந்த விண்டோஸுக்குள்ள சாப்ட்வேரு. ஊட்டுக்குள்ள ஊடு, அதுக்குள்ள ஒரு ரூமு. நான் மவுஸ எட்த்துக்கினு உள்ள போனா வெளிய வர வழி தெரியாம சுத்திக்கினு கீறேன்.

இப்ப இன்னா ஆச்சின்னா, மூணு பொட்டி, மூணு பிரிண்டரு. பிளேட்டுலேர்ந்து வர்ற ஒரே ஒயர மூணா பிரிச்சி கட்டி வெச்சி கீறாங்க. எது மொதல்ல நம்பர நிறுத்துதோ அதுக்குத்தான் வேலையாம். ஒரு லாரி ஏறினா மூணும் மொறச்சிக்கினு நிக்கும். ஆனா மூணுலயும் ஆடுதுண்ணா! மாப்ள என்னாண்ட வந்து, "அவளாண்ட அந்த ஆப்பிள எடுத்துக்கினு போவ சொல்லு"ங்கறாரு. அக்கா, "அவராண்ட பென்குயின பழவேற்காட்டு ஏரில உட சொல்லு"ங்குது. ரெண்டு பேரும் ஒரே சோபாலதான் குந்திக்கினு கீறாங்க! நான் நடுவுல நின்னுக்கினு...

இன்னாண்ணா ஹாரன் அடிக்கற? பின்னால லாரி நிக்குதா? நிக்கட்டும், நிக்கட்டும். இரு, ஒரு அதிசயம் சொல்றேன். இந்திக்கார டிரைவருங்க வர்றாங்க இல்ல, அவங்களுக்கு மட்டும் சீட்டு டக்குனு வந்துடும்! சத்தியமாண்ணா. எனுக்கு ஒரு வார்த்த இந்தி தெரியாது, அவன் மூஞ்சிய பாத்து நான் இன்னா பேச? உள்ள போய் கம்முனு குந்திக்குவேன். கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள சீட்டு. தடா பக்கத்துலேர்ந்து தெலுங்குக்காரங்க வந்தா கொஞ்சம் நேரம் ஆவும். தெலுங்கு எனுக்கு அர கொறயா வரும். ஆனா நம்ம தமிழு டிரைவரு வந்தா? மத்தியானம் ஆயிடும். மூணு கம்ப்யூட்டருக்கும் நம்ம ஆளுன்னா எளக்காரம்! நான் மாப்ளயாண்ட சொன்னேன், அவுரு என்ன ஒரு மாரி பாத்துட்டு போய்ட்டாரு.

சிரிக்காதண்ணா. ஒனக்கு லாரி. எனுக்கு வயிறு. மொதலாளி இன்னிக்கு காத்தால கறாரா சொல்லிட்டாரு. சாய்ங்காலத்துக்குள்ள நம்பரு நிக்கலன்னா மூணு பொட்டியையும் தூக்கிடுவாராம். ஆளில்லாத எடமேட வருதாம். கேமரா, தானா தொறக்கற கேட்டு, டிரைவரே பட்டன அமுக்கிக்கினு போய்க்கினே இருப்பான். ஆளே வாணாமாம்! அப்ப நான்? திரும்ப ரோலிங் மில்லு சூட்டுல போய் நிக்கணுமா? பாரு, இந்த கால பாரு... சுட்ட எடம். இன்னும் அந்த காலுல செருப்பு மாட்டுனா எரியும். ஹெலனாண்ட, அதான் ஊட்ல, நான் இத்த பத்தி வாயே தொறக்கல. பயமா கீதுண்ணா. ராத்திரி தூக்கம் வரல. ஆளு இல்லாம எடமேட எப்டிண்ணா ஓடும்? நீயே சொல்லு. ஒரு மனுசன் இங்க நிக்கறதாலதான இத்தினி...

அய்யோ, உள்ள போனு அடிக்குது. மொதலாளியா இருக்கும். இருண்ணா, எங்கியும் போவாத, இன்னும் மீதி கீது!

...கட் ஆயிடுச்சி. இன்னாடா இது சத்தம்? கிர்ர்ர்ருன்னு... அண்ணா! டிரைவரண்ணா! சீட்டு வருதுண்ணா! விண்டோஸுல வருது! அய்ய, லினக்ஸுலயும் வருது! மேக்குல... வந்துடுச்சி! மூணு சீட்டு, மூணுலயும் ஒரே எட! ஒரு கிலோ முன்ன பின்ன இல்ல! இந்தா, புடி, ஏறி வந்து குடுக்கறேன்...

இன்னா கத்தற? போர்டயா? போர்ட பாத்தா? ...ஆடுது. திரும்ப ஆடுதே! இப்பதான நின்னுச்சி?

எறங்கவா? சரி, எறங்கிட்டேன்.

நின்னுடுச்சி.

இரு. ஒரு காலு மட்டும் வெக்கறேன்... ஆடுது. காலெடுத்தா... நிக்குது. குதிக்கறேன் பாரு... அடேயப்பா, எகிறுது!

...அண்ணா, நானாண்ணா? இந்த மூணு பொட்டியும் மண்டைய ஒடச்சிக்கினது... புருசன் பொண்டாட்டி பேசாம கெடக்கறது... எல்லாம் நான் இந்த பிளேட்டு மேல ஆடி ஆடி பேசிக்கினு இருந்ததாலயா? ஏசுவே! ஆளு இல்லன்னாதான் ஓடுதா இது?

சிரிக்காதண்ணா, கும்புடறேன். இந்தா சீட்டு. யாராண்டயும் சொல்லாத. மில்லு கேட்டுல சொல்லாத, டீக்கடைல சொல்லாத. அண்ணா... வண்டிய எடுத்துட்டியா? சொல்ல மாட்ட இல்ல? அண்ணா! போய்ட்டான்... சிரிச்சிக்கினே போறான்.

திரும்ப போனு.

அலோ... மொதலாளி. ஆங், தானியேலுதான். நின்னுடுச்சி மொதலாளி, நம்பரு நின்னுடுச்சி. எதுலயா? மூணுலயும்தான்... இல்லயில்ல, ஒண்ணு ஜெயிச்சி ஒண்ணு தோக்கல. ஸ்பீக்கருல போட்டு கீறீங்களா? மாப்ள வணக்கம். அக்கா வணக்கம். மூணும் தங்கமான பொட்டி, ஒண்ணு மேலயும் தப்பு இல்ல... அப்ப எதனால ஆடுச்சின்னா?

...காத்து மொதலாளி.

ஆமா, காத்து. பிளேட்டு மேல ஏறி அடிச்சிக்கினே இருந்துச்சி. நிறுத்தவே இல்ல. நான்தான் கண்டுபுட்ச்சி கீழ எறக்கி உட்டேன். இப்ப ஓரமா நிக்குது... இனிமே ஏறாதுன்னுதான் நெனைக்கறேன்.

இன்னாது? அந்த ஆளில்லாத எடமேடயா? அய்யய்யோ, அது எப்டி மொதலாளி? அப்ப ஆளு இல்லன்னா... இந்த காத்த கீழயே புட்ச்சி வெக்க ஒரு ஆளு வாணாமா?