பொறுப்பு என்ற கட்டத்தில் இருந்த பெயர்

கடலூர் நீதித்துறை நடுவர் முன்னிலையில் 18.02.2010 அன்று சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

பெயர்: விருத்தாம்பாள். வயது: 54. கணவர்: காலஞ்சென்ற கலியபெருமாள். தொழில்: பாத்திரக்கடை. இருப்பிடம்: கொத்தங்குடித் தெரு, சிதம்பரம்.

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன். புவனகிரி சுற்றுவட்டாரத்தில் பிளாஸ்டிக் குடங்களைத் தலையில் சுமந்து, பழைய துணிக்கும் இரும்புக்கும் மாற்றி விற்றுப் பிழைத்து, அதன் பிறகு சிதம்பரத்தில் சொந்தமாகக் கடை வைத்தவள். எட்டாவது வரை படித்திருக்கிறேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். பயமுறுத்தலும் இல்லை என்று எழுத வேண்டும் என்றார்கள். பயமுறுத்தல் இருந்தது. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

எங்கள் சிறுகடை வியாபாரிகள் சங்கம் பொங்கலுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து விற்பனைக் கண்காட்சி நடத்துவது வழக்கம். முதல் வருடம் பந்தல்காரர் வருவதற்கு முன்பே குத்துவிளக்கு வந்து தெருவில் நின்றது. அடுத்த வருடம் எல்லாம் வந்து, மைக் செட் மட்டும் ஒரு காதுகுத்து வீட்டில் மாட்டிக்கொண்டது. இந்த நிலையில் சென்ற வருடக் கடைசியில் விலைப்பட்டியல் அடிப்பதற்காக அண்ணாமலை நகரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே வேலை பார்த்தவர்தான் இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டிருக்கும் அனுப்பிரியா. யாரோ ஒரு மாணவருடைய பிராஜெக்டுக்காகக் கம்ப்யூட்டரில் வேலைகளைக் கீழ்க்கீழாக எழுதி, தேதிகளை மேலே வரிசையாகப் போட்டு, நடுவில் கலர் கலராகப் பட்டை இழுத்துக்கொண்டிருந்தார். அது என்ன என்று கேட்டேன்.

"எக்செல்ல போடுற டைம்லைன் சார்ட் அத்த. எந்த வேல எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியணும்னு பட்டையா தெரியும். ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது" என்றார்.

தலையில் குடம் அடுக்கியவளுக்கு அடியில் எது, மேலே எது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கண்காட்சிக்கு அப்படி ஒன்று போட்டுத் தரச் சொன்னேன். அதன் பிறகு அவர் பல தாள்களை ஒட்டி ஒரு பெரிய சார்ட்டாகச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். சங்கச் செயலாளர் தேவநாதன், ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அதைப் பார்த்து, "என்ன பாப்பா, எங்க எல்லாருக்கும் பட்டை போட்டு உக்கார வெச்சுட்டியே" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்தச் சார்ட்டின் கடைசிக் கட்டத்துக்குப் பொறுப்பு என்று பெயர். ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் பெயர் வேண்டும் என்று அனுப்பிரியா ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார். ஒருவரும் தரவில்லை. மின்விசிறிக் கடை சுப்பராயலு, "எம்பேரு வேணாம்மா. பேப்பர்ல பேரு வந்தா மொதல்ல படிக்கிறவன் சேல்ஸ்டேக்ஸ்காரன்" என்றார். எங்கள் தொழிலில் இது வாடிக்கை. போர்டில் சாமி பெயர், பில்லில் சம்சாரம் பெயர், போன் மகன் பெயரில் இருக்கும். கடைக்காரனைத் தேடினால் கிடைக்க மாட்டான். கடைசியில் தேவநாதன், "எல்லாத்துக்கும் உன் பேரயே போட்டுக்க பாப்பா. வேலைய நாங்க பாத்துக்குறோம்" என்றார். அந்தப் பெண் சென்டருக்குத் திரும்பிப் போய், கம்ப்யூட்டரில் மேலிருந்து கீழ்வரை தன் பெயரையே அடித்துக்கொண்டு வந்தார். குடிதண்ணீர் என்ற வரி வந்தபோது, கூடப் போயிருந்த நான், அதில் என் பெயர் இருக்கட்டும் என்றேன். ஆகவே அந்தச் சார்ட் முழுவதிலும் இரண்டே பெயர்கள்தான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் கோர்ட்டுப் படி ஏறுவதற்கு அதுதான் காரணம்.

அதன் பிறகு மண்டப ஆபீஸ் சுவரில் சார்ட்டை ஒட்டி, அதன்படியே வேலைகள் நடந்தன. பந்தலும் வந்தது, மைக்கும் வந்தது. பார்க்க வந்த வெளியூர் வியாபாரிகளிடம் தேவநாதன் இது தன்னுடைய யோசனை என்று சொன்னதை நான் காதால் கேட்டேன்.

திறப்பு விழா 09.01.2010, சனிக்கிழமை, காலை ஒன்பதரை என்று சார்ட்டில் இருந்தது. நோட்டீசிலும் அப்படியே அச்சடித்தோம். சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம். அனுப்பிரியா சர்ச்சுக்குப் போகிற பெண், அவருக்கு அது தெரியாது. தினமும் காலண்டர் தாளைக் கிழிக்கிற நாங்கள் அத்தனை பேரும் அதைப் பார்க்கவில்லை. முதல் நாள் சாயங்காலம்தான் தேவநாதன் பார்த்தார். தலைமை தாங்க வரவிருந்த கடலூர் மொத்த வியாபாரிக்குப் பத்து மணிக்கெல்லாம் பெண்ணாடம் கிளம்ப வேண்டியிருந்ததால் பின்னால் தள்ள முடியாது, ஏழே முக்காலுக்கே திறந்துவிடுவோம் என்றார். நான் அவரிடம், "மார்கழி மாசத்துல மண்டபம் எடுத்தப்ப இந்தச் சாஸ்திரம் எங்க போச்சு தேவநாதன்?" என்று கேட்டேன். மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், அதனால்தான் எடுத்தோம்.

"அது வாடகை யக்கா. இது சகுனம்" என்றார்.

அதன் பிறகு தேவநாதன் பச்சை ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, சுவரில் இருந்த சார்ட்டில் திறப்பு விழாப் பட்டையை அடித்துவிட்டு ஏழே முக்காலில் புதுப் பட்டை போட்டார். அதற்கு நேர் மேல் வரி வாசல் வளைவு. அதை நிறுத்தி, நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, ஆட்டிப் பார்ப்பது என்று எழுதியிருந்தது. அந்தப் பட்டை காலை ஏழில் தொடங்கி ஒன்பதில் முடிகிறது. அதை அவர் தொடவில்லை. அனுப்பிரியா கூடவே நின்றிருந்தார்.

"சார், அத மட்டும் நகத்துனா போதாது. வளைவு கட்டி முடிக்காம வாசலத் தொறக்க முடியாது. மேல இருக்குற பட்டையும் முன்னாடி வரணும்" என்றார்.

தேவநாதன், "உன் எக்செல்ல ராகு காலத்துக்கு ஒரு பார்முலா இருந்தா சொல்லு பாப்பா, போட்டுருவோம்" என்றார். அப்போதும் சிரித்தார்கள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. வளைவு கட்டும் அந்தோணிசாமிக்கு அன்று இரவு புவனகிரியில் வேறு வேலை, காலை ஏழுக்கு முன் வர முடியாது என்று போனில் சொல்லிவிட்டார். அப்படியானால் வளைவு முடிகிற வரை ஜனங்களைப் பக்கவாட்டு கேட்டில் விடலாம் என்றும் அனுப்பிரியா சொல்லிப் பார்த்தார். தலைமை தாங்க வருகிற மொத்த வியாபாரி வளைவுக்குக் கீழே நிற்கிற மாதிரி போட்டோ வேண்டும் என்று சொல்லி தேவநாதன் அதை மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை அந்தோணிசாமி இரண்டு பக்கம் கயிறு கட்டி முடித்திருந்தார். மற்ற இரண்டு பக்கம் பாக்கி. மேளம் தொடங்கிவிட்டது. ஏணியில் நின்றபடி, இன்னும் கட்டவில்லை, நில்லுங்கள் என்று அவர் கத்தியது மேளத்தில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. தேவநாதன் ரிப்பனை வெட்டச் செய்தார். ஜனங்கள் ஒரே நெருக்காக உள்ளே வந்தார்கள். வளைவு ரோட்டுப் பக்கம் ஒருமுறை சாய்ந்து, திரும்பி உள்பக்கமாக விழுந்தது. விழாத் தலைவர் தப்பித்தார். பொங்கல் குண்டான் வாங்க என் ஸ்டாலை நோக்கி வந்துகொண்டிருந்த தைலம்மாள் என்பவரின் வலது தொடை மேல் இரும்புக் குழாய் விழுந்து எலும்பு முறிந்தது. சங்கத்தார் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அனுப்பிரியா தன் துப்பட்டாவால் அந்த அம்மாளின் காலைக் கட்டி, நானும் அவருமாக ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போகும் வழியெல்லாம் தைலம்மாள், ஒரு குண்டானை மட்டும் தனியாக எடுத்து வை, வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது சுவரில் சார்ட் இல்லை. குண்டூசிகள் மட்டும் இருந்தன. யார் எடுத்தார்கள் என்பதை நான் பார்க்கவில்லை, பார்க்காததைச் சொல்ல மாட்டேன். அதன் பிறகு போலீசார் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இருந்த சார்ட்டைப் பிரிண்ட் எடுத்தார்கள். அதில் பச்சைப் பேனா கிடையாது. வாசல் வளைவு, பொறுப்பு: அனுப்பிரியா என்று இருந்தது. அதைக் கொண்டு அவர் மேல் வழக்குப் பதிவானது. அவருக்குக் கடலூரில் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலைக்கு உத்தரவு வர இருந்தது. அதற்கு நன்னடத்தைச் சான்று தர வேண்டியதும் இதே காவல் நிலையம்தான்.

சென்ற வாரம் சுப்பராயலு என் கடைக்கு வந்தார். "பொண்ணு பேருதான யக்கா எழுதியிருக்கு, கேஸு அதோட போவட்டும். யாரோ நகத்துனாங்க, யாருன்னு தெரியலன்னு சொல்லிடு. பேரச் சொன்னியானா இனிமே உனக்கு ஸ்டாலும் இல்ல, சரக்கும் வராது" என்றார். அவர்கள் சொன்னால் சரக்கு நிற்கும், அது எனக்குத் தெரியும். "தலையில தூக்கி வித்தவ நானு. தல இன்னும் கழுத்து மேலதான் இருக்கு, போயி சொல்லு" என்றேன். பயமுறுத்தல் என்று முதலில் சொன்னது இதுதான்.

அன்று வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னவர்களில் ஒருவரும் இன்றுவரை ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. அனுப்பிரியா தினமும் போகிறார். குண்டானை நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். பச்சைப் பேனாவை எடுத்த இடத்தில் 'சங்கத்துக்காரர் ஒருவர்' என்று இருந்தது. எழுதியவர் மேல் தவறில்லை, என் வாயில் அப்படித்தான் வந்திருக்கிறது. வியாபாரி வாய் பெயரைச் சொல்லாமல் நழுவிப் பழகியது. அதை அடித்துவிட்டு 'தேவநாதன்' என்று என் கண் முன்னாலேயே எழுதச் செய்து, பக்கத்தில் என் சுருக்கொப்பம் இட்டேன். மற்றபடி இதில் உள்ள யாவும் நான் கண்டதும் கேட்டதும் ஆகும், மெய்யாகும். இதற்குப் பொறுப்பு நான்.

(ஒப்பம்) க. விருத்தாம்பாள்