மூன்று பொத்தானும் ஐந்து கண்ணியும்

கத்தரிக்கோல் என் கையில்தான் இருக்கிறது. ரிப்பன் எங்கும் ஓடிவிடாது. இந்த நுழைவு வளைவைத் திறந்துவைக்கும் முன், பள்ளி நிர்வாகக் குழுவினரே, பெற்றோரே, சின்னதாக ஒரு கதை… அதைக் கேட்டுவிடுங்கள்.

குன்னூரில் ஜெபசிங் என்றொரு உடற்பயிற்சி ஆசிரியர். என் நண்பர். எண்ணூறு பிள்ளைகளை ஒரே விசிலில் நிமிர்ந்து நிற்கவைத்தவர். வரிசையில் ஒரு குழந்தை அரை அடி விலகி நின்றாலும் மைதானத்தின் மறுகோடியிலிருந்து கண்டுபிடித்துவிடுவார். அவருடைய மனைவி லில்லி புஷ்பத்துக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்தில் சிவப்பாக ஒரு தழும்பு. தேவாலயப் பாடகர் குழுவில் இருபது ஆண்டுகளாக முன்வரிசையில் நின்றவர் அந்த அம்மாள். "இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் பின்னால நின்னுக்கறேங்க" என்றார்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "பின்னாலயா? உன் கழுத்துக்கு நானே ஒண்ணு பின்னித் தரேன். நீ முன்னாலதான் நிக்கிற."

நூல் பின்னுகிற குரோஷா ஊசியை அவர் அதுவரை காது குடையக்கூட எடுத்ததில்லை. கைபேசியில் காணொளி பார்த்தார். கழுத்தைச் சுற்றிவந்து பொத்தானில் முடிகிற கம்பளிப் பட்டை; கவுல் என்கிறார்கள். 'முதல்முறை பின்னுகிறவர்களுக்கும் மிக எளிது' என்று போட்டிருந்தது. கண்ணி என்பது ஊசியில் கோக்கிற ஒரு நூல் வளையம். வரிசைக்கு முப்பது கண்ணி, ஐம்பது வரிசை, மூன்று பொத்தான். அவ்வளவுதான்.

மாஸ்டர் முதலில் எதை வாங்கினார், சொல்லுங்கள்? நூலையா? ஊசியையா?… பொத்தானை. கொட்டாங்கச்சியில் இழைத்த, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய மூன்று பொத்தான்கள். பால்காரருக்குக் காட்டினார். போதகருக்குக் காட்டினார். எனக்கு இரண்டுமுறை காட்டினார்.

பிறகு பின்னினார். பின்னலில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணி கொஞ்சம் சாய்ந்து, ஓரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். விரல்வைத்து எண்ணினால்தான் அகப்படும்.

"எண்ணுறீங்களா?" என்று கேட்டார் மனைவி.

"எண்ணூறு பேரைப் பார்வையாலேயே நிறுத்தினவன். முப்பது கண்ணிய எண்ணணுமாக்கும்."

"ஓரம் உள்ள போற மாதிரி இருக்கே?"

"அது டிசைன்."

ஒரு வாரம் போயிற்று. "இன்னும் உள்ள போகுதேங்க?"

"கழுத்துன்னா ஒரு வளைவு வேணாமா?"

ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போயிற்று. ஒன்றே ஒன்று. யாருக்குத் தெரியப்போகிறது? ஐம்பதாவது வரிசையில் எத்தனை மிச்சம்?… ஐந்து. ஒரு முனை ஒரு சாண் அகலம். மறுமுனை நாய் நாக்கு. அகன்ற முனையில் மூன்று பொத்தான்களும் மாப்பிள்ளைத் தோழர்களைப்போல உட்கார்ந்திருந்தன. மாட்டுவதற்கு எதிர்முனையில் இடமிருந்ததோ, ஒன்றுக்கு.

லில்லி அம்மாள் கண்ணாடிமுன் நின்று போட்டுப் பார்த்தார். பொத்தான் தோள்பக்கம் போனது. முன்கழுத்துக்கு வந்து சேர்ந்தது அந்த ஒடுங்கிய பகுதி. எதை மறைக்க வேண்டுமோ, அந்தத் தழும்பு மட்டும் அப்படியே வெளியே தெரிந்தது.

மாஸ்டர் பார்த்தார். சுற்றிவந்து நிதானமாகப் பார்த்தார். என்ன சொன்னார் தெரியுமா?

"லில்லி… ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுல உன் கழுத்து பருத்துப்போச்சு."

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. மூன்று பொத்தானையும் அறுத்து மேசைமேல் வைத்தார். நூலின் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தார். சரசரவென்று வரிசை வரிசையாகப் பிரிந்து வந்தது.

"மூணு வாரத்து உழைப்பு, லில்லி."

"உருண்டையைச் சுத்துங்க."

"கேரல் பாட இன்னும் நாலே நாள்தான் இருக்கு."

"அப்ப சீக்கிரம் சுத்துங்க."

நூல் ஒரு முழம்கூட வீணாகவில்லை. வீணானது வீறாப்பு மட்டும். இரண்டாம் முறை, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் மாஸ்டர் மைதானத்தில் நிற்பதைப்போல 'நம்பர்' என்று குரல் கொடுத்து, முப்பது வரை விரல்வைத்து எண்ணினார். இருபத்தொன்பது வந்தால் பிரித்தார். பாட்டு ஆராதனை அன்று லில்லி புஷ்பம் முன்வரிசையில் நின்றார். மூன்று பொத்தான்களும் மாட்டியிருந்தன. பார்த்தவன் நான்.

என் நண்பரின் கதை முடிந்தது. இனி உங்கள் கதை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பள்ளியில் இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு விழுந்தது. நான்கு பேர் பள்ளியைவிட்டு நின்றார்கள். நான்கு பேர்தானே என்றீர்கள். கணக்கு ஆசிரியை மாற்றலாகிப் போனார். அவருடைய நாற்காலியில் இன்றுவரை எவரும் உட்காரவில்லை. ஒன்பது பேர் போனார்கள். ஒன்பதுதானே என்றீர்கள். குடிநீர்க் குழாய் வறண்டது. அப்போது எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டேன். உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்று காலை வருகைப் பதிவேட்டை நானே விரல்வைத்து எண்ணினேன். முப்பத்தேழு. மேடை ஏறும்போது உங்கள் செயலாளர் என் காதில் சொன்னார்: "இந்தக் காலத்துப் பேரன்ட்ஸுக்கு நம்ம ஸ்கூல் பிடிக்கல சார்."

அதாவது… கழுத்து பருத்துப்போச்சு.

வளைவு அழகாகத்தான் இருக்கிறது. பொத்தான்களும் அழகாகத்தான் இருந்தன. இதன்வழியாக உள்ளே வருவதற்கு யார் மிச்சம் என்பதுதான் என் கேள்வி. பிரிப்பதற்கு வெட்கப்படாதீர்கள். நீங்கள் விட்ட முதல் கண்ணி அந்தக் கதவு. அதிலிருந்து தொடங்குங்கள்.

ரிப்பன் அப்படியே இருக்கட்டும். கதவை மாட்டிவிட்டு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பஸ் ஏறி வருகிறேன். இந்தக் கத்தரிக்கோலைத் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் கைவேலை வகுப்பாம். முப்பத்தேழு பேருக்கு இதுவரை இருந்தது ஒரே கத்தரிக்கோல்தானாம்.